அத்தா தூங்குறாங்க

வளர்மதி லண்டனுக்கு வந்து இரண்டு மாதமாகியும் மருத்துவமனைக்கு வெளியே ஒருவரிடமும் நின்று பேசியிருக்கவில்லை. வார்டில் நோயாளிகளோடு பேசுவாள். சீருடையைக் கழற்றினால் பேச்சும் நின்றுவிடும். ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த வீட்டில் அவளுக்கு ஓர் அறை. மற்ற இரண்டு அறைகளிலும் மலையாள நர்சுகள். மூவருக்கும் மூன்று விதமான ஷிப்ட். குளியலறை ஈரத்தையும் தாளித்த வாசனையையும் வைத்துத்தான் இன்னொருத்தி வீட்டில் இருந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று தெரியும்.

அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. சொந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கத்தில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே. அப்பா குழந்தைவேலுக்கு இரண்டு ஏக்கர் முந்திரி. பெரம்பலூரில் நர்சிங் படித்துவிட்டு அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். கணவன் ராஜராஜன் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாவது முறை தேறி, லண்டனில் வேலை கிடைத்தபோது மகள் யாழினிக்கு ஐந்து வயது. ஆறு மாதத்தில் இருவரையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் திருச்சியில் விமானம் ஏறினாள். வந்து இறங்கிய பிறகே மூன்று பேர் தங்குகிற வீட்டுக்கு அந்த ஊரில் என்ன வாடகை என்று தெரிந்தது. அதன்பின் ஆறு மாதம் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, ராஜராஜனும் எடுக்கவில்லை.

பொங்கல் விழாவுக்குப் போகச் சொன்னது அவன்தான். "திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஆளுங்க குரூப்பாம். லிங்க் அனுப்பியிருக்கேன் பாரு. ஒரு நாளாச்சும் நம்ம ஆளுங்க மூஞ்சியப் பாத்துட்டு வா" என்றான்.

ஹாரோவில் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட பெண்கள், வேட்டிக்குள் பேண்ட் போட்டுக்கொண்டு குளிரைச் சமாளித்த ஆண்கள். மின் அடுப்பில் பொங்கல் பொங்கியதும் எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். வளர்மதியும் போட்டாள். யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது.

பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள். "நீங்க எந்த ஏரியா?"

"ஜெயங்கொண்டம் பக்கம்ங்க."

"அதில்லங்க, இங்க எந்த ஏரியா?"

"ஈஸ்ட் ஹாம்."

"வூடு வாங்கிட்டீங்களா, வாடகையா?"

"ரூம்ங்க. நான் மட்டும்தான் இருக்கேன். நர்ஸ்."

"நல்ல வேலைங்க" என்று அந்தப் பெண் உண்மையாகவே சொன்னாள். சொல்லிவிட்டு, வீடு வாங்கியிருந்த இன்னொருத்தி பக்கம் திரும்பிக்கொண்டாள். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. அந்த ஹாலில் பேச்செல்லாம் வீட்டுக் கடன், நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் ஏரியா, கார் என்று போய்க்கொண்டிருந்தது. வளர்மதியிடம் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவ்வளவுதான்.

கழற்றிப் போட்ட கோட்டுகள் குவிந்து கிடந்த மூலையில், தலையில் முக்காடிட்ட ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீங்க ஜெயங்கொண்டமா? இப்ப சொன்னது காதுல வுழுந்துச்சு."

"ஆமா. நீங்க?"

"லெப்பைக்குடிகாடு."

வளர்மதி சிரித்துவிட்டாள். "பெரம்பலூர்ல எங்க ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்ததுல பாதிப் பேரு உங்க ஊருதான்."

"எந்த ஆஸ்பத்திரிக்கா?"

வளர்மதி பேரைச் சொன்னதும் அந்தப் பெண் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "இவன் அங்கதான் பொறந்தான். மாடில, கடைசி ரூமு. ஜன்னல தொறந்தா வேப்ப மரம்."

கீழ்த்தளத்து வார்டில் இருந்த வளர்மதிக்கு இவளைப் பார்த்த ஞாபகம் இல்லை. ஊரில் நாற்பது மைல் இடைவெளியில் வளர்ந்தவர்கள். ஒரே பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ தடவை பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கலாம். அங்கே பேசிக்கொள்ள ஒரு காரணமும் இருந்திருக்காது.

அவள் பெயர் ஃபைஸா. கணவன் முகமது அனஸ் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தான். காலையில் அவன் கிளம்பினால் மாலைவரை அவளும் குழந்தையும்தான். அந்தப் பொங்கலுக்குப் பிறகு சித்திரை விழா, யாராவது ஒருவர் வீட்டு வளைகாப்பு, ரம்ஜானுக்கு நோன்பு திறப்பு என்று எதற்கு அழைப்பு வந்தாலும் இருவரும் சேர்ந்தே போனார்கள். வளர்மதி ஷிப்டை மாற்றிக்கொண்டாவது வந்துவிடுவாள். நாலைந்து தடவை போனபின் அவளுக்கு ஒன்று புரிந்தது. எல்லாரும் உரக்கச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒருவருக்கு ஊரிலிருந்து போன் வரும். பேரைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மாறும். ஒரு காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போவார். திரும்பி வரும்வரை பக்கத்தில் இருப்பவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றுமில்லை என்று அவர் தலையாட்டியதும் பேச்சு மறுபடி தொடங்கும். வீடு வாங்கியவர்களுக்கும் அதேதான்.

ஃபைஸா வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவளுடைய அப்பா சைபுல்லா, அவள் வார்த்தையில் அத்தா, இருபத்தாறு வருஷம் சவுதியில் வண்டி உதிரிபாகக் கடையில் இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார். அவள் பிறந்தபோது அவர் அங்கே. பள்ளிக்கூடம் சேர்ந்தபோதும், வயதுக்கு வந்தபோதும் அங்கேதான். ஒருவழியாக எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊரோடு வந்தார். வந்த எட்டாம் மாதம் ஃபைஸாவுக்கு நிக்காஹ் ஆகி அவள் லண்டனுக்கு வந்துவிட்டாள்.

"பிரசவத்துக்குப் போனப்ப நாலு மாசம். அதோட சரி. அத்தாவும் நானும் ஒரே வூட்டுல சேந்தாப்ல ஒரு வருஷம் இருந்ததில்லக்கா. அவங்க வந்தாங்க, நான் கெளம்பிட்டேன்."

இதை அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னாள்.

2024 ஜூனில், பக்ரீத் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கண்ணையன் வீட்டுத் தோட்டத்தில் கோடைகாலச் சந்திப்பு. கண்ணையன் செட்டிகுளத்துக்காரர். லண்டனில் பதினெட்டு வருஷமாக இருப்பவர். அந்தக் குழுவைத் தொடங்கியவரே அவர்தான். வெயில் நன்றாக அடித்தது. பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஃபைஸா புதுச் சேலை கட்டியிருந்தாள். குழந்தைக்கு அன்று லேசாகச் சளி என்று அனஸோடு அவனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். வரும் வழியில், ரயிலில், அம்மாவோடு வீடியோவில் பேசிச் சேலையைக் காட்டினாளாம்.

"அத்தா எங்கம்மான்னு கேட்டேன். தூங்குறாங்க, எழுப்பவான்னாங்க. பாவம், வேணாம், அப்பறம் பேசிக்கறேன்னு வச்சுட்டேன்" என்று வளர்மதியிடம் சொன்னாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தயிர்ச் சாதத் தட்டை வளர்மதியிடம் நீட்டும்போது போன் வந்தது. ஃபைஸா பேரைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து மூலைக்கு நடந்தாள். எல்லாரும் வழக்கம்போல அவளைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்தாள்.

வளர்மதி ஓடிப்போய்ப் போனை வாங்கினாள். மறுமுனையில் யாரோ உறவுக்காரர். "சைபுல்லா பாய் மவுத்தாயிட்டாங்கம்மா. அஸர் தொழுகை நேரத்துல. நெஞ்சு வலி. புள்ளைய பாத்துக்குங்க."

தோட்டத்தில் தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள். பெண்கள் வந்து ஃபைஸாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி இரவு விமானம் இருக்கிறதா என்று போனில் தேடத் தொடங்கினாள். அப்போதுதான் ஃபைஸா முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

"எங்களால போக முடியாது. விசாவ நீட்டிக்கக் குடுத்திருக்கோம்."

கண்ணையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கிருந்த எல்லாருக்கும் அந்த விதி தெரியும். விண்ணப்பம் முடிவாவதற்கு முன் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டதாக அர்த்தம். திரும்பி வர முடியாது. அனஸின் வேலையும் போய்விடும்.

கண்ணையன்தான் தன் காரில் இருவரையும் ஃபைஸா வீட்டுக்கு அழைத்துப் போனார். பின்சீட்டில் ஃபைஸா வளர்மதியின் தோளில் சாய்ந்திருந்தாள். அழவில்லை. பாதி வழியில் சிக்னலில் நின்றபோது கண்ணையன் திரும்பாமலே பேசினார்.

"எங்கம்மா போனப்ப எனக்கு விசா எல்லாம் இருந்துச்சும்மா. கொரோனா, பிளேன் இல்ல. இதோ இந்த ரோட்டுலதான் வண்டிய ஓரமா நிறுத்திட்டுப் போன்ல பாத்தேன். வூட்டுல பசங்க முன்னாடி பாக்கத் தெம்பு இல்ல."

வளர்மதி வண்டிக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு விழாவிலும் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் சிரிக்க வைக்கிறவர். இதை அவர் ஒருநாளும் யாரிடமும் சொன்னதாக அவளுக்குத் தெரியவில்லை.

இரவு இஷா தொழுகை முடிந்ததும் அங்கே அடக்கம். இங்கே மாலை நாலே கால், ஜன்னலில் பளீரென்று வெயில். வீட்டில் மய்யித்தைத் தூக்குமுன் உறவுக்காரப் பெண் ஒருத்தி போனைப் பிடித்து முகத்தைக் காட்டினாள். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும். பிறகு திரையில் அம்மா பாத்திமா பீவி வந்தார்.

"அழுவாத புள்ள. அழக் கூடாது. துஆ செய்யி" என்றார். அவர் கண்ணிலும் ஒரு சொட்டு நீர் இல்லை.

"நான் அழலம்மா. நீங்க அழுவாதீங்க" என்றாள் ஃபைஸா.

போனை வைத்ததும் ஃபைஸா எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அனஸ் குழந்தையோடு ஹாலில் நின்றான். வளர்மதி குளியலறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. வார்டில் எத்தனையோ மரணங்களைப் பார்த்தவள் அவள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவற்றையெல்லாம்விடக் கடினமாக இருந்தது.

அடுத்த வாரங்களில் அவர்கள் எப்போது பேசினாலும் பேச்சு ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். "எழுப்பவான்னு கேட்டாங்கக்கா. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தாகிட்டப் பேசியிருப்பேன். எனக்குச் சேலையக் காட்டுற அவசரம்." வளர்மதி என்ன சொன்னாலும் மறுநாள் மறுபடி அதே இடம்.

ஜூலைக் கடைசியில் வளர்மதிக்கு மூன்று வார விடுப்பு. வேலையில் சேர்ந்தபோதே கேட்டு வாங்கியது. ஊருக்குக் கிளம்புகிற அன்று ஃபைஸா ஈஸ்ட் ஹாமுக்கு வந்து ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே பேரனின் புகைப்படம் ஒன்று, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று.

"என்னால முடியல. எனக்காக ஒரு தடவை அம்மாவப் போயிப் பாருங்கக்கா. போன்ல நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னுதான் சொல்றாங்க. நீங்க கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க."

அரியலூர் வீட்டில் யாழினி அம்மாவிடம் ஓடி வரவில்லை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். மறுநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லெப்பைக்குடிகாட்டுக்குப் போகிறேன், நீயும் வருகிறாயா என்று கேட்டதற்கு, பஸ்ஸில் ஜன்னல் சீட் கொடுத்தால் வருவதாகச் சொன்னாள். ராஜராஜன் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டான். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியில் பெரம்பலூர்வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று.

தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. அந்த வீட்டு ஆட்கள் துபாயிலும் சவுதியிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். பாத்திமா பீவியின் வீட்டில் கதவைத் திறந்த பெண் பக்கத்து வீட்டு உறவு. "இத்தாவுல இருக்காங்க. பொம்பளைங்கதானே, உள்ள வாங்க" என்று அழைத்துப் போனாள். கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது.

வெள்ளைச் சேலையில் பாத்திமா பீவி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வளர்மதி தன் பெயரைச் சொன்னதும் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீதானா அது. அன்னிக்கு எம்மவ கூட இருந்த புள்ள." யாழினியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேரீச்சம்பழம் கொடுத்தார். பேரன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

உறவுக்காரப் பெண் டீ போட உள்ளே போனாள். யாழினி வாசல் பக்கம் பூனைக்குட்டியைப் பார்க்கப் போனாள். வளர்மதி கருவியை எடுத்துப் பாத்திமா பீவியின் கையில் சுற்றிப் பார்த்தாள். அளவு அதிகமாக இருந்தது.

"மாத்திரை போடுறீங்களாம்மா?"

"ஞாபகம் வந்தா போடுறேன்." பாத்திமா பீவி கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நீ நர்சும்மா. ஒன்ன ஒண்ணு கேக்கணும். வேற யாருகிட்டயும் கேக்க முடியல."

"கேளுங்கம்மா."

"அன்னிக்கு அவங்க தூங்கல."

வளர்மதிக்கு முதலில் புரியவில்லை.

"புள்ள போன் பண்ணுனப்ப அவங்க தூங்கல. சாப்ட்ட பொறவு நெஞ்சு கனமா இருக்குன்னாங்க. வாய்வுன்னு ஓமத் தண்ணி குடுத்தேன். வேர்த்துச்சு. இந்தா, இந்தக் கட்டில்லதான் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்பப் பாத்து அவ போனு. புதுச் சேலை, ரயில்ல போறேன், விருந்துக்குப் போறேன்னு சிரிக்கிறா. அத்தா எங்கங்கறா. நான் இவங்களப் பாக்குறேன். இவங்க கையால இப்படி, வேணாம், சொல்லாதன்னு காட்டுறாங்க. புள்ள சந்தோசமா போறப்ப எதுக்குன்னு. நான் தூங்குறாங்கன்னு சொல்லிட்டேன்."

"எழுப்பவான்னு கேட்டீங்களாமே?"

"வேணாம்பான்னு தெரியும். அவ அத்தா தூங்குனா எழுப்ப விட மாட்டா. நம்பணும்ல, அதுக்காகக் கேட்டேன்."

வளர்மதி அவர் கையிலிருந்த பட்டையைக் கழற்றி மெதுவாகச் சுருட்டினாள்.

"போன வச்ச பொறவு அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். சரியாப் போச்சுன்னுகூடச் சொன்னாங்க. படுத்தாங்க. அதுக்கப்புறம் எந்திரிக்கல. நீ சொல்லும்மா. வலின்னு சொன்னப்பவே தூக்கிக்கிட்டுப் பெரம்பலூர் போயிருந்தா பொழைச்சிருப்பாங்களா?"

வார்டில் இதே கேள்வியை இங்கிலீஷில் எத்தனையோ பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கென்று சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று உண்டு. அது அவள் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

"பொழைச்சிருக்கலாம்மா. போற வழியிலயே போயிருக்கவும் கூடும். எனக்குத் தெரியல. தெரியும்னு சொன்னா அது பொய். நெஞ்சு கனம், வேர்வைன்னா நான் ஆஸ்பத்திரிக்குத்தான் சொல்லியிருப்பேன். ஆனா நான் இத்தன வருசமா இதே வேலையப் பாக்குறவ. நீங்க அப்படி இல்ல."

பாத்திமா பீவி தலையை ஆட்டினார். ஆறுதல் சொல்லாததற்கு அவர் நன்றியோடு இருந்தது போலத் தெரிந்தது.

"அவகிட்டச் சொல்லிராத."

"நான் சொல்ல மாட்டேன்மா. ஆனா நீங்க சொல்லணும்." வளர்மதிக்குத் தன் குரல் இவ்வளவு உறுதியாக வந்தது ஆச்சரியமாக இருந்தது. "எழுப்புங்கன்னு சொல்லாம வுட்டுட்டேனேன்னு அவ தினம் அழுவுறா."

"அழுவுறாளா? என்கிட்ட ஒரு நாளும் அழலியே."

"குளிக்கிற ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவுறா. அன்னிக்கு நீங்க போன வச்ச ஒடனே அதான் செஞ்சா. நான் வெளில உக்காந்திருந்தேன்."

பாத்திமா பீவியின் வாய் கோணிற்று. ஆறு வாரமாக யார் முன்னாலும் அழாதவர் வளர்மதியின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். டீயோடு வந்த பெண் கதவருகிலேயே நின்றுவிட்டாள். பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த யாழினியும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

கொஞ்சம் அடங்கியபின் பாத்திமா பீவி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சொன்னா என்னை வெறுத்துருவாளேம்மா?"

"கோவப்படுவா. கோவப்பட்டாலும் உங்ககிட்டத்தானே வருவா. வேற யாருகிட்டப் போவா?"

திரும்பும் பஸ்ஸில் வெகுதூரம்வரை யாழினி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். பெரம்பலூர் தாண்டியபின் கேட்டாள்.

"அந்த அம்மாயி ஏம்மா அழுதாங்க?"

"அவங்க மவ தூரமா இருக்காங்கடா. வர முடியல."

"நீயும்தான் தூரமா இருக்க."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எந்த ஊரில் நிற்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். வளர்மதி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். யாழினி விலகவில்லை, ஆனால் அவளும் கையைச் சுற்றிப் போடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் ராஜராஜனிடம் சொன்னாள். "லண்டன்லயே இருக்கணும்னு ஒண்ணும் இல்லீங்க. வடக்க சின்ன சின்ன டவுன்லயும் ஆஸ்பத்திரி இருக்கு. சம்பளம் கொஞ்சம் கொறையும், ஆனா மூணு பேரு இருக்குற மாதிரி வூடு கெடைக்கும்னு கூட வேல பாக்குறவங்க சொல்றாங்க. நீங்க வேலைய வுட வேண்டி வரும்."

அவனுக்கு அது பன்னிரண்டு வருஷ வேலை. "அங்க ஒயரிங் வேலைக்கு ஆள் வேணும்பாங்கல்ல?" என்றான்.

ஆகஸ்டில் லண்டன் திரும்பியதும் ஃபைஸா கேட்ட முதல் கேள்வி, "அம்மா என்ன சொன்னாங்க?"

"பிரஷர் கூட இருக்கு. மாத்திரை ஒழுங்கா போடுறதில்ல. உன் நெனப்பாவே இருக்காங்க" என்றாள் வளர்மதி. ஒன்றும் பொய்யில்லை. ஆனாலும் ஃபைஸாவின் கண்ணைப் பார்க்க முடியாமல் தட்டைக் கழுவ எழுந்துபோனாள். ஃபைஸா அன்றும் எழுப்பாமல் விட்டதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சொல்லிவிடலாம் என்று வளர்மதிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் பாத்திமா பீவி என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த ஒரு மாதம் அவளுக்கு நீண்ட மாதமாக இருந்தது.

செப்டம்பரில் விசா வந்தது. ஃபைஸா குழந்தையோடு ஊருக்குப் போனாள். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் வளர்மதிக்குப் போன் செய்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"ஒரு மாசமா என் எதிர்ல உக்காந்து நான் அழுவுறதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"எப்படி முடிஞ்சுது?"

போன் துண்டாயிற்று. அதற்குப் பிறகு மூன்று மாதம் ஃபைஸா பேசவில்லை. தீபாவளிச் சந்திப்புக்கு வந்திருந்தாள். ஹாலின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டாள். வளர்மதி அவளைத் தேடிப் போய் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் அது அவள் அம்மாவைக் குற்றம் சொல்வதாகிவிடும் என்று நினைத்தாள்.

வடக்கே ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. மார்ச்சில் சேர வேண்டும். கோடையில் ராஜராஜனும் யாழினியும் வருவதாக ஏற்பாடு. பொங்கல் விழாவில் கண்ணையன் ஒலிபெருக்கியில் அதைச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். அன்று மாலை ஃபைஸாவிடமிருந்து ஒரு வரி வந்தது: "எப்ப கெளம்புறீங்க?"

கிளம்புகிற நாள் விக்டோரியா பஸ் நிலையத்துக்கு அவள் வந்தாள். பையனுக்கு இப்போது நன்றாக நடக்க வந்திருந்தது. வளர்மதியின் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஃபைஸா அவனைப் பிடித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"அம்மா சொன்னப்ப நான் கத்திட்டேன்க்கா. ரெண்டு நாள் அவங்க கூடப் பேசல. அப்பறம் ராத்தொழுகைக்கு அவங்க எந்திரிச்சப்ப நானும் எந்திரிச்சேன். அத்தா கைய எப்படிக் காட்டுனாங்கன்னு கேட்டேன். இப்படின்னு காட்டுனாங்க." ஃபைஸா தன் கையை மெல்ல அசைத்துக் காட்டினாள். "அதுக்கப்புறம் தினம் அத்தாவப் பத்தித்தான் பேசுனோம். எனக்குத் தெரியாததெல்லாம் அம்மாகிட்ட இருந்துச்சு."

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணுமா?"

ஃபைஸா பையனைப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டாள். "தெரியலக்கா. உங்க மேல கோவம் இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆனா நீங்க சொல்லியிருந்தா அம்மா என்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க."

பஸ் வந்தது. ஃபைஸா பெட்டியை ஏற்ற உதவினாள். கட்டிக்கொண்டபோது அழுதாள், எல்லார் முன்னாலும்.

இப்போது வளர்மதி இருக்கும் ஊரில் தமிழ்க் குடும்பம் மொத்தமே நாலு. ஹாலெல்லாம் எடுப்பதில்லை, யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். யாழினிக்கு அங்கே பள்ளிக்கூடம் பிடித்துப்போயிற்று, குளிர்தான் பிடிக்கவில்லை. முதல் இரண்டு மாதம் எது வேண்டுமென்றாலும் அப்பாவிடமே கேட்டாள். இப்போது இருவரிடமும் கேட்கிறாள். ராஜராஜன் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே மின்பணிக்கான சான்றிதழுக்குப் படிக்கிறான்.

வெள்ளிக்கிழமைகளில் பாத்திமா பீவி வளர்மதிக்குப் போன் செய்வார். முட்டி வலி, சர்க்கரை, புது மாத்திரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். போன வாரம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம்.

"ஃபைஸாகிட்டச் சொன்னீங்களாம்மா?" என்று கேட்டாள் வளர்மதி.

"அவகிட்டச் சொல்லிட்டுத்தான் ஒனக்குப் போன் அடிக்கிறேன்" என்றார் பாத்திமா பீவி. "நல்லா திட்டுனா."